தொடை வலின்னு மாத்திரையை நிறுத்திட்டாரு, இது சரியா டாக்டரம்மா?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க எழுதினதுல முக்கியமானது இது:

"என் வீட்டுக்காரருக்கு 58 வயசு. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி மாரடைப்பு வந்து கோயமுத்தூர்ல ஸ்டென்ட் வச்சாங்க. இப்ப ரெண்டு மாசமா ரெண்டு தொடையும் வலி, தோள்பட்டையும் வலி, எறக்கத்துல இறங்கவே பயப்படறாரு. ராத்திரி நான்தான் நீலகிரித் தைலம் தேய்ச்சு விடறேன். தேயிலை ஃபேக்டரியில ஒருத்தர், கொலஸ்ட்ரால் மாத்திரை சதையை அரிச்சுடும்னு சொல்லியிருக்காரு, ஃபோன்லயும் அதே மாதிரி ஒரு வீடியோ வந்துச்சு. ராத்திரி போடற கேப்சூலை ஒன்பது நாளா நிறுத்திட்டாரு. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போடறாரு, போன வாரம் இடுப்புல ஒரு ஊசியும் போட்டுக்கிட்டாரு. இப்ப வலி கொஞ்சம் பரவால்லைங்கறாரு. அட்டையை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். நிறுத்தினது சரியா? அந்த மாத்திரையால சதை நிஜமாவே கெட்டுப் போகுமா?"

அக்கா, மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல அந்த அட்டை. ஃபோட்டோவைப் பாத்த உடனே உங்களைக் கூப்பிட்டுப் பேசினேன், ஆனாலும் திரும்ப எழுதறேன், ஏன்னா இதே மாதிரி கேப்சூல் சாப்பிடறவங்க நம்ம மலையில நிறைய பேரு இருக்காங்க, அவங்க கண்ணுல இது படணும். அண்ணன் நிறுத்தினது கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் இல்ல. அந்த ஒத்தைக் கேப்சூலுக்குள்ள மூணு மருந்து இருக்கு, ரோசுவாஸ்டாட்டின் 20, ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75. ரோசுவாஸ்டாட்டின்தான் கொலஸ்ட்ராலுக்கு. மத்த ரெண்டும் ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையாம காவல் காக்கற மருந்து. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வச்சவங்க பொதுவா ஒரு வருஷம் அந்த ரெண்டையும் சேத்து சாப்பிடணும், அண்ணனுக்கு அஞ்சு மாசம்தான் ஆகியிருக்கு. ஸ்டென்ட்டுங்கறது வலை மாதிரி பின்னின சின்ன கம்பிக்குழாய், அதுமேல நம்ம ரத்தக்குழாயோட உள்தோல் படர்ந்து நல்லா மூடற வரைக்கும் ரத்தம் அதை அந்நியமாத்தான் பாக்கும், காவல் இல்லைன்னா அங்கேயே உறைஞ்சு அடைச்சுடும், அப்படி அடைச்சா வர்றது பெரிய மாரடைப்பு. ஒன்பது நாள் ஒண்ணும் ஆகலைங்கறது நம்ம நல்ல நேரம் அக்கா.

அன்னைக்கு சாயங்காலமே ஸ்டென்ட் வச்ச டாக்டர்கிட்ட நீங்க பேசி, அவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல்லையும் தனித்தனி மாத்திரையா எழுதிக் குடுத்து, அண்ணன் அன்னைக்கு ராத்திரியே போட்டுட்டாருன்னு நீங்க சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. இதைப் படிக்கற மத்தவங்களும் உங்க அட்டையைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல என்னென்ன மருந்து போட்டிருக்குன்னு இன்னைக்கே பாத்து வச்சுக்கங்க. மூணும் ஒரே கேப்சூல்ல இருக்கறது வசதிதான், ஆனா ஒரு மருந்து மேல சந்தேகம் வந்து நிறுத்தினா மூணும் சேந்து போயிடும், அதுல இருக்கற ஆபத்தும் அதுதான்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். சதை கெட்டுப் போகுமா? ஆமா அக்கா, ரோசுவாஸ்டாட்டின் மாதிரி ஸ்டாட்டின் வகை கொலஸ்ட்ரால் மருந்து சதையைத் தொந்தரவு பண்ணும், சில பேருக்கு நிஜமாவே சேதம் பண்ணும். அதை மறைச்சுப் பேசறதுல எனக்கு இஷ்டமில்ல, "அதெல்லாம் மனப்பிரமை, பேசாம சாப்பிடுங்க"ன்னு அனுப்பி வச்சா நீங்க வீட்டுக்குப் போய் நிறுத்தத்தான் போறீங்க. ஆனா எத்தனை பேருக்கு, எந்த அளவுக்கு, வந்திருக்கற வலி அதுதானான்னு எப்படி கண்டுபிடிக்கறது, இதை அந்த ஃபேக்டரி நண்பர் சொல்லியிருக்க மாட்டாரு.

நம்ம ரத்தத்துல ஓடற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு சாப்பாட்டுல இருந்து வர்றது இல்ல, உடம்பே தயார் பண்றது, அதுல கல்லீரலுக்குப் பெரிய பங்கு. அந்தத் தயாரிப்புல ஆரம்பத்துலயே ஒரு என்சைம் இருக்கு, அதை இறுக்கிப் பிடிக்கறதுதான் ஸ்டாட்டின். கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் பத்தாம போகவும், அது ரத்தத்துல ஓடற எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்து எடுத்துக்குது, அளவு இறங்குது. 1970கள்ல ஜப்பான்ல அகிரா எண்டோங்கறவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதிச்சு ஒரு பச்சை நீலப் பூஞ்சையில இருந்துதான் இந்த வகை மருந்தை மொதல்ல பிரிச்சு எடுத்தாரு. அந்த என்சைம் இருக்கற பாதையில இருந்து கொலஸ்ட்ரால் மட்டும் வர்றது இல்லைங்கறதுதான் சிக்கல். சதை செல்லுக்குள்ள சக்தி தயாரிக்க உதவற கோஎன்சைம் க்யூ டென், செல்லோட சில புரதங்களை அதது இடத்துல ஒட்டி வைக்கற கொழுப்பு வால், இதெல்லாமும் அதே பாதையோட கிளைகள். மருந்தைக் கல்லீரல் பிடிச்சு உள்ள எடுத்துக்கிட்டது போக மிச்சம் ரத்தத்துல சுத்தி சதைக்கும் போகுது, அங்கேயும் அந்தக் கிளைகளைக் குறைக்குது. செல்லுக்குள்ள பூட்டி வச்சிருக்கற கால்சியம் கசியறதாவும் ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. சதை சுருங்கி விரியறதே கால்சியம் கணக்குலதான், அது கண்ட நேரத்துல கசிஞ்சா சதைக்கு ஓய்வே இருக்காது. மருந்தைக் கல்லீரலுக்குள்ள இழுத்துப் போடற ஒரு வாயில்காரன் மாதிரி புரதம் இருக்கு, சில குடும்பங்கள்ல அதோட ஜீன் கொஞ்சம் மந்தமா இருக்கும், அவங்களுக்கு ரத்தத்துல மருந்து அதிகமா தங்கும், சதை வலியும் சீக்கிரம் வரும். 2008ல சிம்வாஸ்டாட்டின்ங்கற இன்னொரு ஸ்டாட்டினை 80 மில்லிகிராம் சாப்பிட்டவங்களை வச்சு இதை உறுதி பண்ணினாங்க, 2011ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த 80 டோஸைப் புதுசா யாருக்கும் ஆரம்பிக்க வேண்டாம்னே சொல்லிடுச்சு.

ரோசுவாஸ்டாட்டின்ல நமக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. ஆசியாக்காரங்க ரத்தத்துல இந்த மருந்து வெள்ளைக்காரங்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஏறுதுன்னு பாத்து, அமெரிக்காவுல ஆசியாக்காரங்களுக்கு 5 மில்லிகிராம்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லி அந்த மருந்தோட குறிப்புலயே போட்டிருக்காங்க. மாரடைப்பு வந்தவங்களுக்கு எடுத்த எடுப்புலயே பெரிய டோஸ் குடுக்கறதுக்குத் தகுந்த காரணம் உண்டு, அதை நான் தப்புன்னு சொல்லலை. ஆனா ஒடிசலான ஆளுக்கு 20ங்கறது கண்காணிச்சுக் குடுக்க வேண்டிய டோஸ், அண்ணன் 52 கிலோதான்னு நீங்க ஃபோன்ல சொன்னப்போ நான் அதைக் குறிச்சு வச்சுக்கிட்டேன்.

ரொம்ப மோசமானது எதுன்னா சதை செல்லுகள் மொத்தமா உடைஞ்சு, உள்ள இருக்கற சரக்கெல்லாம் ரத்தத்துல கொட்டி, அதை வடிகட்ட முடியாம கிட்னி அடிபடறது. இது லட்சம் பேர் ஒரு வருஷம் சாப்பிட்டா ஒரு கை விரல்ல எண்ணற அளவுதான் வரும். அபூர்வம்தான், ஆனா வந்துட்டா உயிர்ப் பிரச்சினை. செரிவாஸ்டாட்டின்னு ஒரு மருந்து இதனாலதான் 2001ல உலக மார்க்கெட்டை விட்டே போச்சு, குறிப்பா ஜெம்ஃபைப்ரோசில்ங்கற இன்னொரு கொழுப்பு மருந்தோட சேத்து சாப்பிட்டவங்க நிறைய பேரு பாதிக்கப்பட்டாங்க.

நான் என் கண்ணால பாத்தது ஒண்ணு இருக்கு, அதை நான் மறக்கவே இல்ல. கூடலூர் பக்கத்துல இருந்து வந்துட்டு இருந்த ஒரு பெரியவர், 70 தாண்டினவர், என்கிட்ட சிம்வாஸ்டாட்டின் 40 சாப்பிட்டுட்டு இருந்தாரு, ரெண்டு வருஷமா ஒரு தொந்தரவும் இல்ல. மழைக்காலத்துல நெஞ்சுச்சளி கட்டி வேற ஒரு இடத்துல காட்டினப்போ கிளாரித்ரோமைசின் குடுத்திருக்காங்க. அஞ்சாவது நாள் அவரைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க, பெஞ்சுல இருந்து எந்திரிக்க முடியல, மக ஒரு பாட்டில்ல சிறுநீர் புடிச்சுக் கொண்டாந்திருந்தா, பால் ஊத்தாத டீத்தண்ணி, அதுவும் ரொம்ப நேரம் கொதிச்ச டீத்தண்ணி நிறம். சதை உடைஞ்சா ரத்தத்துல ஏறற சிபிகேங்கற என்சைம் 20,000த்தைத் தாண்டி இருந்துச்சு. அந்த ஆன்டிபயாடிக் கல்லீரல்ல சிம்வாஸ்டாட்டினை உடைக்கற வழியை அடைச்சு வச்சுடும், ரத்தத்துல மருந்து பல மடங்கு ஏறிடும். உடனே அட்மிட் பண்ணி சலைன் ஏத்தி கிட்னியைக் காப்பாத்தினாங்க, பெரியவர் நடந்துதான் வீட்டுக்குப் போனாரு. ஆனா "இந்த மாத்திரை சாப்பிடறேன்னு வேற எந்த டாக்டர்கிட்டயும் சொல்லணும்"னு என் சீட்டுல நான் எழுதிக் குடுத்திருக்கணும், எழுதலை. அன்னையில இருந்து ஸ்டாட்டின் எழுதற ஒவ்வொரு சீட்டுலயும் என் கையாலயே தமிழ்ல எழுதறேன். எரித்ரோமைசின், பூஞ்சைக்குக் குடுக்கற இட்ராகோனசோல், பிபிக்குக் குடுக்கற வெராபமில், டில்டியாசெம், இதெல்லாமும் சிம்வாஸ்டாட்டினோட மோதும், அட்டோர்வாஸ்டாட்டினோட கொஞ்சம் கம்மியா மோதும். ரோசுவாஸ்டாட்டின் அந்த வழியில அவ்வளவா போறது இல்ல, அந்த வகையில அண்ணனுக்கு பரவால்ல.

அதனால ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க, சிறுநீர் டீத்தண்ணி நிறத்துல போனாலோ, கை கால் தூக்கவே முடியாத அளவுக்கு பலம் போனாலோ, அது கடுதாசி எழுதற நேரம் இல்ல, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

சரி, அண்ணனோட வலி எந்த வலி? மலையில இருக்கறவங்ககிட்ட நான் மொதல்ல கேக்கறது, ஏத்தத்துல வலிக்குதா எறக்கத்துல வலிக்குதான்னுதான். ஏத்தம் ஏறும்போது மட்டும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிச்சு, ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுப்போயி, மறுபடி ஏறினா அதே தூரத்துல திரும்பப் பிடிச்சா, அது பெரும்பாலும் கால் ரத்தக்குழாய் அடைப்பு. பீடி சிகரெட் பழக்கம், சுகர் இருக்கறவங்களுக்கு வரும். இதயத்துல அடைப்பு வந்தவருக்குக் காலுலயும் இருக்க வாய்ப்பு உண்டு, அதுக்கு ஸ்டாட்டின் ஒரு முக்கியமான மருந்து, அதைப் போய் நிறுத்தினா கதை தலைகீழாயிடும். எறக்கம் இறங்கும்போது தொடை வலிக்கறது வேற. இறங்கும்போது தொடைச்சதைதான் பிரேக் மாதிரி வேலை செய்யுது, சுமையைத் தாங்கிக்கிட்டே நீளுது, அதுல நுணுக்கமா கிழிசல் விழும், அன்னைக்கு விட மறுநாளும் அதுக்கு மறுநாளும் வலி ஜாஸ்தியாகும். தேயிலைத் தோட்டத்துல இருக்கறவங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. ஸ்டாட்டின் வலி ஏத்தம் எறக்கம் பாக்காது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்புச்சதை, தோள்பட்டை மாதிரி பெரிய சதைகள்ல, மந்தமா, அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். பெரும்பாலும் மாத்திரை ஆரம்பிச்சோ டோஸ் கூட்டியோ நாலு ஆறு வாரத்துல வரும், நிறுத்தினா ரெண்டு நாலு வாரத்துல இறங்கும். ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் மாதிரி இழுத்தா நரம்பு, முட்டியில வலிச்சா மூட்டு, உள்ளங்கால் எரிஞ்சா சுகர் நரம்பு, இதையெல்லாம் ஸ்டாட்டின் தலையில போடக் கூடாது.

ஃபோன்ல நான் உங்ககிட்ட திரும்பத் திரும்ப தேதி கேட்டது இதுக்குத்தான் அக்கா. கேப்சூல் அஞ்சு மாசமா சாப்பிடறாரு. வலி ரெண்டு மாசமாத்தான். மூணு மாசம் வீட்டுல ஓய்வா இருந்துட்டு தோட்டத்துக்குத் திரும்பப் போனது எப்போன்னு கேட்டா, அதுவும் ரெண்டு மாசம் முன்னாடி. அதுவும் சும்மா பாத்துட்டு வரல, 30 கிலோ இலை மூட்டையைத் தலையில வச்சு ரோட்டுல லாரி நிக்கற இடம் வரைக்கும் சுமந்திருக்காரு. மூணு மாசம் படுத்திருந்த சதைக்கு அது எப்படி இருக்கும்? அதுக்காக மாத்திரை மேல தப்பே இல்லைன்னு சொல்ல வரல. ஸ்டாட்டின் சாப்பிடற சதை கடும் உழைப்புல சீக்கிரம் அடிபடலாம், ரெண்டும் கைகோத்துக்கிட்டு வந்திருக்கலாம். தோள்பட்டையும் சேந்து வலிக்கறதால ஸ்டாட்டின் சந்தேகத்தை நான் இன்னும் கைவிடல.

நிறுத்தினதும் குறைஞ்சுதேன்னு கேப்பீங்க. கேப்சூலை நிறுத்தின அதே வாரத்துல வலி மாத்திரையும் போட்டிருக்காரு, ஊசியும் போட்டிருக்காரு, தோட்டத்துக்கும் போகல. இதுல எது வலியைக் குறைச்சுதுன்னு யாரால சொல்ல முடியும்?

வீட்டுலயே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. என் ரூம்ல கைப்பிடி இல்லாத ஒரு மர ஸ்டூல் இருக்கு, அதுல உக்காரச் சொல்லி ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்க கட்டிக்கிட்டு எந்திரிக்கச் சொல்லுவேன். வலியோட ஆனா ஒரே மூச்சுல எந்திரிச்சா அது வலி. உடம்பை முன்னாடி ஆட்டி ஆட்டி, கை தன்னால பிரிஞ்சு தொடையில ஊணி எந்திரிச்சா அது பலவீனம். வலிக்கும் பலவீனத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. கக்கூஸ்ல குத்த வச்சு எந்திரிக்க செவுத்தைப் பிடிக்கறாரா, சட்டை மாட்டும்போது கை தூக்க முடியலையா, நீங்க பாத்து எழுதி வைங்க, ஆம்பளைங்க இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லவே மாட்டாங்க.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. சிபிகே பாக்கணும், அந்தப் பெரியவருக்கு ஏறியிருந்த அதே என்சைம். லேபுக்கு லேப் மாறும், சுமாரா 200 வரைக்கும் நார்மல். இதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் மூட்டை தூக்கக் கூடாது, இடுப்புல ஊசி போட்டிருக்கக் கூடாது, ஊசி குத்தின சதையில இருந்தே சிபிகே ஏறும், அதைப் பாத்துட்டு மாத்திரை மேல பழி போடுவோம். அதனாலதான் இந்த வாரம் வேண்டாம், திங்கக்கிழமை எடுங்கன்னு சொன்னேன். நார்மலுக்கு பத்து மடங்குக்கு மேல இருந்தா ஸ்டாட்டினை அப்பவே நிறுத்தி கிட்னியையும் பாக்கணும். நாலு மடங்குக்குக் கீழ இருந்தா பதறாம யோசிக்க நேரம் இருக்கு. சிபிகே நார்மலா இருந்தும் வலி இருக்கலாம், அப்படி இருக்கறவங்கதான் ஜாஸ்தி, ரிப்போர்ட் நார்மல்னா வலி பொய்ன்னு அர்த்தம் இல்ல.

அதே ரத்தத்துல டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு டெஸ்டும் பாத்துடுங்க, இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். தைராய்டு குறைஞ்சா கொலஸ்ட்ரால் தானா ஏறும், சதை வலிக்கும், சிபிகேயும் ஏறும், அதுக்கு மேல ஸ்டாட்டினைக் குடுத்தா சதை இன்னும் சுலபமா அடிபடும். மத்த ஊர்ல "எனக்கு மட்டும் குளிருது"ன்னு சொன்னாலே டாக்டர் தைராய்டைப் பாப்பாங்க. ஊட்டியில, கோத்தகிரியில குளிருதுன்னு சொன்னா யாரு கண்டுக்கப் போறாங்க, இன்னொரு ஸ்வெட்டர் போடுன்னுதான் சொல்லுவாங்க. எஸ்டேட்ல கொழுந்து பறிக்கற ஒரு அம்மா, 46 வயசு, எல்டிஎல் 190க்கு மேல இருந்துச்சுன்னு ஸ்டாட்டின் ஆரம்பிச்சு, குறையலைன்னு டோஸைக் கூட்டி, உடம்பெல்லாம் வலின்னு என்கிட்ட வந்தாங்க. பேசும்போது குரல் கரகரன்னு இருந்துச்சு, கையைத் தொட்டா உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அவங்க கொழுந்து பறிச்சு அப்படி ஆயிடுச்சுன்னு நெனச்சிருந்தாங்க. முட்டி போட வச்சு குதிகாலுக்கு மேல சின்ன சுத்தியலால தட்டினேன், பாதம் டக்குனு துள்ளுச்சு, ஆனா திரும்பி வரும்போது யாரோ புடிச்சு வச்சிருக்கற மாதிரி மெதுவா வந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. டிஎஸ்ஹெச் 80ஐத் தாண்டி இருந்துச்சு, அதாவது தைராய்டு ரொம்பக் குறைஞ்சு போயிருந்துச்சு. ஸ்டாட்டினை நிறுத்திட்டு தைராக்ஸின் குடுத்தோம், நாலு மாசத்துல வலியும் போச்சு, எல்டிஎல்லும் பாதிக்கு மேல எறங்கிடுச்சு, அந்த மாத்திரையே அவங்களுக்குத் தேவைப்படல. விட்டமின் டி குறைஞ்சாலும் தொடைச்சதை பலம் போகும், மூடுபனியும் ஸ்வெட்டருமா வாழற நமக்கு அதையும் ஒரு தடவை பாக்கறது நல்லது. கிரியேட்டினின், லிவர் டெஸ்ட், சுகர் இதெல்லாம் எப்படியும் எடுப்பாங்க.

அந்த வலி மாத்திரையை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. டைக்ளோஃபெனாக் மாதிரி மருந்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல்லோட சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வரும், கிட்னிக்கும் கெடுதல், மாரடைப்பு வந்த இதயத்துக்கும் ஆகாது. பாராசிட்டமால் அளவா போடலாம். நீங்க தேய்க்கற நீலகிரித் தைலம் தோலுக்கு சூடு குடுக்கும், சுகமா இருக்கும், தாராளமா தேய்ங்க. விண்டர்கிரீன் ஆயில்னு ஊட்டிக் கடைகள்ல விக்கறது வேற, அதுல இருக்கறது ஆஸ்பிரின் குடும்பத்துச் சரக்கு, ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க அதை உடம்பு பூரா தேய்க்க வேண்டாம்.

ஃபேக்டரி நண்பருக்கும் அந்த வீடியோவுக்கும் ஒரு பதில் சொல்லணும். 2022ல, ஏறக்குறைய ஒன்னேகால் லட்சம் பேரு கலந்துக்கிட்ட 19 ஆய்வுகளை ஒண்ணாச் சேத்துப் பாத்தாங்க. நிஜ மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 27.1 சதவீதம் பேரு சதை வலி சொன்னாங்க, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 26.6 சதவீதம் பேரு சொன்னாங்க. அதாவது அவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு எப்படியும் ஏதோ ஒரு சதை வலிக்கத்தான் செய்யுது, மாத்திரை அதுல சேக்கறது கொஞ்சம்தான், அதுவும் பெரும்பாலும் மொத வருஷத்துல. இன்னொரு ஆய்வு லண்டன்ல, தாங்க முடியலைன்னு ஸ்டாட்டினை ஏற்கெனவே நிறுத்திட்ட 60 பேரை வச்சுப் பண்ணினாங்க. ஆளுக்குப் பன்னெண்டு பாட்டில், மாசத்துக்கு ஒண்ணு, நாலுல மருந்து, நாலுல வெறும் மாத்திரை, நாலு காலி. மாத்திரை இருக்கற பாட்டில்ல எது மருந்து, எது வெறும் மாத்திரைன்னு அவங்களுக்குத் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு நூத்துக்கு மார்க் போடச் சொன்னாங்க, காலி மாசத்துல சராசரி 8, வெறும் மாத்திரை மாசத்துல 15.4, நிஜ மருந்து மாசத்துல 16.3. இதை நான் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அவங்க பொய் சொன்னாங்கன்னு எனக்குத் தோணறதே இல்ல. தொந்தரவு நிஜம், அந்த 15.4ங்கறது நிஜமா அனுபவிச்ச தொந்தரவு. இது நம்மளைக் கெடுத்துடும்னு பயந்துக்கிட்டே ஒண்ணை முழுங்கினா உடம்பு காத்துக்கிட்டு இருந்த மாதிரி வலிக்குது, அவ்வளவுதான். அந்த வீடியோவை அண்ணன் பாத்தது வலி வந்ததுக்கு முன்னாடியா பின்னாடியான்னு மட்டும் அவர்கிட்ட மெதுவா கேளுங்க, சண்டை போடாதீங்க.

இனி என்ன பண்றதுங்கறது இதய டாக்டரும் நீங்களும் சேந்து முடிவு பண்றது, ஆனா என்னென்ன வழி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. ஸ்டாட்டினை மட்டும், ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல்லையும் தொடாம, ரெண்டு மூணு வாரம் நிறுத்திப் பாக்கலாம். அந்த நேரத்துல வேற எதையும் மாத்தக் கூடாது, வலியை தினமும் பத்துக்கு எவ்வளவுன்னு காலண்டர்ல எழுதுங்க. குறையலைன்னா குத்தவாளி ஸ்டாட்டின் இல்ல. குறைஞ்சா, திரும்ப ஆரம்பிச்சுப் பாக்கணும், திரும்பவும் வந்தாத்தான் அது நிரூபணம். திரும்ப ஆரம்பிக்கும்போது ரோசுவாஸ்டாட்டின் 5, இல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள். இந்த மருந்து ரத்தத்துல ரொம்ப நேரம் தங்கறதால ஒண்ணுவிட்டு ஒருநாள் போட்டாலும் நல்லாவே வேலை செய்யும். கூடவே எசெடிமைப் 10 சேத்துக்கலாம், அது குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறதைத் தடுக்கறது, சதைக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராது. ஸ்டாட்டினே ஆகலைன்னா பெம்பெடோயிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, அதை வேலை செய்ய வைக்கற என்சைம் கல்லீரல்ல இருக்கு, எலும்போட ஒட்டின சதையில இல்ல, அதனால சதைக்குள்ள அது தூங்கிட்டுத்தான் இருக்கும். ஸ்டாட்டின் ஒத்துக்காத ஏறக்குறைய 14,000 பேரை வச்சு 2023ல வந்த ஆய்வுல மாரடைப்பு மாதிரி பெரிய பாதிப்புகள் 13 சதவீதம் குறைஞ்சுது. யூரிக் ஆசிடைக் கூட்டும், கவுட்ங்கற மூட்டு வலி நோய் இருக்கறவங்க ஜாக்கிரதை. தோலுக்கு அடியில போடற ஊசிகளும் வந்துடுச்சு, விலைதான் நம்ம கைக்கு எட்டறது இல்ல. கோஎன்சைம் க்யூ டென் மாத்திரை வாங்கலாமான்னு கேட்டீங்க. ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு, பச்சைத் தேயிலை விக்கற விலைக்கு நான் அதை எழுதிக் குடுக்க மாட்டேன்.

இத்தனை பாடு ஏன் படணும், நிறுத்தியே விட்டா என்னன்னு தோணும். எல்டிஎல் சுமார் 40 புள்ளி குறைஞ்சா மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய பாதிப்புல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறையுதுன்னு இந்த மருந்து ஆய்வுகள் எல்லாம் சேந்து சொல்லுது, ஒரு தடவை அடைச்ச குழாய்க்கு அதைவிட வேற காவல் கிடைக்கல. அண்ணனுக்கு எல்டிஎல் 55க்குக் கீழ வேணும், போன மாசம் 62. எந்த மருந்தால இறங்குதுங்கறது ரெண்டாம்பட்சம், இறங்கணும்.

சதை கெட்டா திரும்புமான்னும் கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் திரும்பும், மருந்தை நிறுத்தினா சில வாரத்துல இல்ல ரெண்டு மாசத்துல சரியாயிடும். ரொம்ப ரொம்ப அபூர்வமா, லட்சத்துல ரெண்டு மூணு பேருக்கு, உடம்போட எதிர்ப்பு சக்தி அந்த என்சைமையே எதிரின்னு நெனச்சு, மருந்தை நிறுத்தின பிறகும் சதையைத் தாக்கிக்கிட்டே இருக்கும். அது வலியை விட பலவீனமாத்தான் தெரியும், சிபிகே இறங்கவே இறங்காது, அதுக்கு தனியா ஆன்டிபாடி டெஸ்டும் தனி வைத்தியமும் இருக்கு. ஸ்டூல் சோதனையில அண்ணன் கை ஊணாம எந்திரிச்சுட்டாருன்னு நேத்து மெசேஜ் அனுப்பியிருந்தீங்க, அதனால அந்தப் பக்கம் இப்ப யோசிக்க வேண்டாம்.

திங்கக்கிழமை வெறும் வயித்துல போய் ரத்தம் குடுங்க, அதுவரைக்கும் மூட்டையை வேற யாராவது ரோட்டுக்கு ஏத்தட்டும். கோயமுத்தூர் போகும்போது வீட்டுல இருக்கற எல்லா அட்டையையும், மெடிக்கல்ல கேட்டு வாங்கினது, நாட்டு மருந்து, சளிக்கு வாங்கி மிச்சம் வச்சது எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போய் அப்படியே டாக்டர் டேபிள்ல கொட்டுங்க. ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் ஒரு ஃபோட்டோ அனுப்புங்க அக்கா, நான் பாத்துட்டு கூப்பிடறேன்.